அநியாயமா ஒத்த ஸ்டார் விழுந்தா எத முதல்ல செய்யணும், எத கடைசியா செய்யணும்

ராத்திரி பதினொன்றரை இருக்கும், தூங்கப் போற நேரத்துல போன் சத்தம் போட்டுச்சு, எடுத்துப் பாத்தா புது ரிவ்யூ, ஒத்த ஸ்டார். "பொய் சொல்லி விக்கிறாங்க. லென்ஸ் உள்ள பூரா தூசி. யாரும் வாங்காதீங்க." நான் பழைய கேமரா லென்ஸ் வாங்கி சுத்தம் பண்ணி, சோதிச்சுப் பாத்து ஆன்லைன்ல விக்கிறவன். அந்த லென்ஸோட லிஸ்டிங்ல மூணாவது வரிலயே "உள்பக்கம் லேசா தூசி இருக்கு, எடுக்குற படத்துல தெரியாது"ன்னு எழுதிருந்தேன், அது போதாதுன்னு லென்ஸுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சு தூசி புள்ளி புள்ளியா தெரியுறத போட்டோ எடுத்து ஏழாவது படமா போட்டிருந்தேன். இவ்வளவு வெளிப்படையா வித்தும் பொய்யன்னு பட்டம் வந்தா வயிறு எரியுமா எரியாதா?

எரிஞ்ச வயித்தோட அஞ்சே நிமிஷத்துல அந்த ரிவ்யூக்குக் கீழயே, எல்லாரும் பாக்குற இடத்துல, பதில் போட்டேன். பன்னெண்டு வரி. அதுல "கண்ணத் தொறந்து லிஸ்டிங்க படிச்சிருந்தா"ன்னு ஒரு வரி வேற. ரெண்டு நாள் கழிச்சு அந்த வாங்குனவரே மெசேஜ் பண்ணாரு, டார்ச் போட்டோவ இப்பதான் பாத்தேன், படமெல்லாம் நல்லாதான் வருது, ரிவ்யூவ மாத்தலாம்னு போனா மாத்த வழியே இல்லையேன்னு. நான் பதில் போட்ட உடனே அது பூட்டிக்கிச்சு. அந்தத் தளத்தோட விதி அது, ஹெல்ப் பக்கத்துல தெளிவா எழுதியும் இருந்தாங்க, நான் படிக்காம விட்டுட்டேன். அவரோட ஒத்த ஸ்டாரும் என்னோட பன்னெண்டு வரியும் இன்னும் அங்கயேதான் இருக்கு.

அதுலேர்ந்து நான் புடிச்சுக்கிட்ட விஷயம் இதுதான்: அநியாய ரிவ்யூவ சமாளிக்க இருக்குற வழிகள் எல்லா தளத்துலயும் கிட்டத்தட்ட அதே நாலுதான், ஆனா வரிசை மாறிப்போச்சுன்னா ஒண்ணு இன்னொன்ன கெடுத்துடும். ஆதாரம் முதல்ல, தூக்கச் சொல்லி ரிப்போர்ட் பண்றது அடுத்து, வாங்குனவர்கிட்ட தனியா பேசுறது அதுக்கடுத்து, பொதுப் பதில் கடைசி. கோவத்துல நம்ம கை நேரா போறது அந்த கடைசி வேலைக்குத்தான், அதனாலதான் இத இவ்வளவு நீட்டி எழுதுறேன்.

முதல் நாள்: எழுதாதீங்க, சேத்து வைங்க

பதில் எழுத கை துடிக்கும், துடிக்கட்டும், போன்ல நோட்ஸ்ல எழுதி வச்சுக்கோங்க, தளத்துல டைப் பண்ணாதீங்க, தெரியாம சப்மிட் ஆயிடும். முதல் நாள் வேலை என்னன்னா ரிவ்யூவ தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுக்குறது, அந்த ஆர்டர் பக்கத்த எடுக்குறது, வித்தப்போ லிஸ்டிங் எப்படி இருந்துச்சோ அப்படியே சேவ் பண்றது (லிஸ்டிங்க இப்ப திருத்திடாதீங்க, திருத்துனா "அப்ப அப்படி இல்ல, இப்பதான் மாத்திருக்காங்க"ன்னு ஆயிடும்), ட்ராக்கிங்ல டெலிவரி ஆன நாள், வாங்குனவரோட நடந்த மெசேஜ் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல ஆர்டர் நம்பர் போட்டு வைக்கிறது.

பேக் பண்றப்போ எடுத்த போட்டோ இருந்தா அதுதான் உங்ககிட்ட இருக்குற பெரிய ஆயுதம். நான் இப்போ ஒவ்வொரு பார்சலுக்கும் மூணு படம் எடுக்குறேன்: சீரியல் நம்பர் தெரியுற மாதிரி லென்ஸ், பெட்டிக்குள்ள சுத்தி வச்ச நிலைமை, மூடி ஒட்டுன பெட்டி மேல லேபிள். மொத்தம் முப்பது செகண்ட் ஆகுது. ஒருத்தர் ஒரு தடவ வேற லென்ஸ திருப்பி அனுப்பிட்டு இதத்தான் நீங்க அனுப்புனீங்கன்னு சொன்னப்போ அந்த சீரியல் நம்பர் போட்டோதான் என்ன காப்பாத்துச்சு, அதுக்கப்புறம் இந்த பழக்கத்த நான் ஒரு நாளும் விட்டதில்ல.

இன்னொரு வேலையும் அன்னைக்கே பண்ணணும், இது கஷ்டமான வேலை. அந்த ரிவ்யூவ வேற ஒரு கடையோட ரிவ்யூன்னு நெனச்சுக்கிட்டு ஒரு தடவ படிங்க. வார்த்தை மோசமா இருக்கலாம், சொல்ற விஷயம் உண்மையா? ஏன்னா நமக்கு அநியாயம்னு தோணுறதுல பாதி, நிஜமாவே குறை இருந்து அத கொஞ்சம் கடுப்பா சொன்னதாத்தான் இருக்கும். அந்த மாதிரி இருந்தா இந்தக் கட்டுரைல சொல்ற எதையும் பண்ணாதீங்க, நேரா மன்னிப்பு கேளுங்க, பொருள மாத்திக் குடுங்க இல்ல காச திருப்பிக் குடுங்க, அங்கயே முடிஞ்சுடும். நிஜமாவே அநியாயம்னா அது எந்த வகைன்னு பிரிச்சுக்கோங்க, ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் கதவு வேற: ரிவ்யூவே தளத்தோட விதிய மீறுதா, தப்பு கூரியர்காரங்களோடதா, வாங்குனவர் லிஸ்டிங்க படிக்கலையா, இல்ல காசு புடுங்குறதுக்காக மிரட்டுறாரா.

தளத்துக்காரங்கள வச்சு தூக்க முடியுமா

இங்க ரொம்ப பேர் தப்பு பண்றாங்க. "இது பொய், தூக்குங்க"ன்னு ரிப்போர்ட் பண்றாங்க, ரெண்டு நிமிஷத்துல முடியாதுன்னு பதில் வருது. எது உண்மை எது பொய்னு விசாரிக்கிற கோர்ட்டு வேலைய எந்தத் தளமும் செய்யாது. ரிவ்யூல இருக்குற எழுத்து அவங்களோட விதிய மீறுதான்னு மட்டும்தான் பாப்பாங்க, அதனால நீங்களும் அத மட்டும்தான் பேசணும்.

அமேசான்ல ரெண்டு விஷயம் தனித்தனியா இருக்கு, இத குழப்பிக்கிட்டா எல்லாமே குழம்பும். செல்லர் ஃபீட்பேக்ங்கிறது உங்களப் பத்தினது, அதாவது நேரத்துக்கு அனுப்புனீங்களா, ஒழுங்கா பதில் சொன்னீங்களான்னு. ப்ராடக்ட் ரிவ்யூங்கிறது பொருளப் பத்தினது. செல்லர் ஃபீட்பேக் போடுற இடத்துல ஒருத்தர் முழுக்க முழுக்க பொருளப் பத்தி மட்டும் எழுதிருந்தா அத தூக்கச் சொல்லிக் கேக்கலாம், விதியே அப்படி இருக்கு. கெட்ட வார்த்தை இருந்தாலும், போன் நம்பர் மாதிரி ஒருத்தரோட சொந்த விவரம் இருந்தாலும் கேக்கலாம். பொருள் அமேசான் கோடவுன்லேர்ந்து அவங்களே அனுப்புனதா இருந்து, குறை டெலிவரி பத்தினதா இருந்தா, அந்த ஃபீட்பேக் மேல கோடு போட்டு இது எங்க பொறுப்புன்னு அவங்களே எழுதிடுவாங்க. ஆனா பொருளோட சேத்து "லேட்டாவும் வந்துச்சு"ன்னு உங்க வேலையப் பத்தி ஒரு வரி இருந்தாலும் "முழுக்க பொருள் பத்தினது"ங்கிற காரணம் நிக்காது, அதனால ரிவ்யூவ வார்த்தை வார்த்தையா படிச்சிட்டுப் போங்க.

ஈபேல மிரட்டி வாங்குறதுக்குன்னே தனி விதி இருக்கு. லிஸ்டிங்ல இல்லாத எதையாவது குடு, இல்லன்னா நெகட்டிவ் போடுவேன்னு வாங்குனவர் சொன்னா அது விதிமீறல், ரிப்போர்ட் பண்ணலாம். ஆனா அந்த மிரட்டல் ஈபே மெசேஜுக்குள்ள இருக்கணும். மிரட்டுறவங்க பெரும்பாலும் "போன் நம்பர் குடுங்க, பேசிக்கலாம்"னுதான் ஆரம்பிப்பாங்க. குடுக்காதீங்க. எந்தத் தளமா இருந்தாலும் பேச்சு தளத்துக்குள்ளயே நடக்கட்டும், வெளில பேசுனது எதையும் அவங்க ஆதாரமா எடுத்துக்குவாங்கன்னு நம்ப முடியாது. பாதி காசு திருப்பி அனுப்பு, பொருளும் என்கிட்டயே இருக்கட்டும், இல்லன்னா ஒத்த ஸ்டார்னு எனக்கு ஒருத்தர் எழுதுனப்போ நான் போட்ட பதில் இவ்வளவுதான்: "பொருள்ல குறை இருந்தா சொல்லுங்க, திருப்பி அனுப்புற செலவு என்னோடது, வந்து சேந்ததும் முழுப் பணமும் தந்துடறேன். ரிவ்யூ உங்க விருப்பம்." அத அனுப்புன கையோட, அவரு ஸ்டார் போடுறதுக்கு முன்னாடியே, ரிப்போர்ட்டும் பண்ணிட்டேன். விழுந்ததுக்கப்புறம் கத்துறதவிட முன்னாடியே பதிவு பண்ணி வச்சா நம்ம பேச்சுக்கு ஒரு எடை இருக்கு.

ரிப்போர்ட்ட எப்படி எழுதணும்னா, நாலு வரிக்கு மேல போகாம, ஒரே ஒரு காரணம் மட்டும். "ஆர்டர் எண் இது. இந்த செல்லர் ஃபீட்பேக்ல இருக்குற மூணு வரியும் பொருளோட தரத்தப் பத்தி மட்டும்தான் பேசுது, என்னோட சேவையப் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல. உங்க விதிப்படி இத நீக்கக் கேட்டுக்கறேன்." இவ்வளவுதான். எத்தன வருஷமா விக்கிறேன், எவ்வளவு உழைச்சேன், மனசு எவ்வளவு கஷ்டப்பட்டுச்சுன்னு எழுதுனா படிக்கிறவங்களுக்கு அந்த ஒரு காரணம் கண்ல படாமப் போயிடும். முதல் தடவ முடியாதுன்னு வந்தா அதே வார்த்தைய திரும்ப அனுப்பாதீங்க, ரிவ்யூவோட எந்த வரி எந்த விதிய மீறுதுன்னு இன்னும் நெருக்கமா காட்டி ஒரு தடவ அப்பீல் பண்ணுங்க, அதுக்கும் இல்லன்னா விட்டுட்டு அடுத்த வேலைக்குப் போங்க.

போட்டிக் கடைக்காரன் ஆள் வச்சு போட்டுட்டான்னு சந்தேகம் வந்தா அத ரிவ்யூக்குக் கீழ எழுதவே எழுதாதீங்க, ஒருவேள அது நிஜ கஸ்டமரா இருந்துட்டா நீங்க முடிஞ்சீங்க. ஒரே நாள்ல நாலு ரிவ்யூ, வாங்குனதுக்கு அடையாளமே இல்ல, எல்லாத்துலயும் ஒரே மாதிரி வாக்கியம், இந்த மாதிரி இருந்தா எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஸ்கிரீன்ஷாட் எடுத்து தளத்துக்கு மட்டும் அனுப்புங்க.

தனியா பேசுறது

விதிப்படி தூக்க வழி இல்லன்னா அடுத்தது வாங்குனவர்கிட்ட மெசேஜ். இதுக்கு முன்னாடி ஒண்ணு மனசுல ஏத்திக்கோங்க, ஒத்த ஸ்டார் போட்டவர் பெரும்பாலும் கெட்டவர் இல்ல, ஏமாந்துட்டோம்னு நெனச்சு பயந்துபோன ஆள். காச அனுப்பிட்டு முகம் தெரியாதவங்ககிட்டேர்ந்து ஒரு பெட்டி வந்து, தொறந்து பாத்தா நெனச்சது மாதிரி இல்லன்னா யாருக்கும் அந்த பயம் வரும். அந்த பயத்துக்கு மொதல்ல பதில் சொல்லணும், ஸ்டாரப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.

நான் இப்ப அனுப்புற மெசேஜ் இந்த மாதிரி இருக்கும்: "வணக்கங்க, உங்க ரிவ்யூவ பாத்தேன். லென்ஸ் நீங்க எதிர்பாத்த மாதிரி இல்லாததுக்கு வருத்தப்படறேன். உள்ள தூசி இருக்குறத ஏழாவது போட்டோல காட்டிருந்தேன், ஆனா அது உங்க கண்ல பட்டிருக்காதுன்னு நெனைக்கிறேன். வச்சிக்க விருப்பம் இல்லன்னா திருப்பி அனுப்புங்க, லேபிள் நான் அனுப்பறேன், முழுப் பணமும் வந்துடும். இல்ல ஒரு தடவ வெளிச்சத்துல ரெண்டு படம் எடுத்துப் பாக்குறேன்னாலும் சரி, எதுவா இருந்தாலும் சொல்லுங்க." இதுல பாருங்க, ரிவ்யூவ மாத்துங்கன்னு ஒரு வார்த்த இல்ல. அது மறந்து விட்டது இல்ல, வேணும்னேதான். காசையும் ஸ்டாரையும் ஒரே மெசேஜ்ல சேத்து எழுதுனீங்கன்னா, அதாவது "ரிவ்யூவ தூக்குனா பணம் தரேன்"னு, அது பெரிய தளங்கள்ல நேரடியான விதிமீறல், வாங்குனவர் அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரிவ்யூலயே போட்டார்னா உங்க அக்கவுண்ட்டுக்கே ஆபத்து. நியாயமா குடுக்க வேண்டியத நிபந்தனை இல்லாம குடுங்க.

பிரச்சனை முடிஞ்சு அவரும் சமாதானமானதுக்கப்புறம் கேக்கலாமாங்கிறது தளத்துக்குத் தளம் மாறும். ஈபேல இதுக்கு முறையான வழியே இருக்கு, ஃபீட்பேக்க திருத்தக் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்பலாம். வருஷத்துக்கு உங்களுக்கு வர்ற ஒவ்வொரு 1000 ஃபீட்பேக்குக்கும் 5 ரிக்வெஸ்ட்தான், ஃபீட்பேக் போட்டு 30 நாளுக்குள்ள அனுப்பணும், அவர் 10 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். அஞ்சே அஞ்சுதான்கிறதால பிரச்சனைய முடிக்காமயே அவசரப்பட்டு அனுப்பி வீணாக்காதீங்க, ஒருத்தர் வேண்டாம்னு தள்ளிட்டா அவ்வளவுதான். அமேசான்ல ப்ராடக்ட் ரிவ்யூவ மாத்தச் சொல்லியோ எடுக்கச் சொல்லியோ கேக்கவே கூடாது, நீங்க உதவி பண்ணதுக்கு அவரா மாத்துனா மாத்தட்டும், அத்தோட விட்டுடணும். எட்சின்னு கைவினைப் பொருளும் பழைய பொருளும் விக்கிற தளத்துல, மேல சொன்ன அந்த பூட்டு இருக்கு, நீங்க பொதுப் பதில் போட்டுட்டீங்கன்னா வாங்குனவரால அதுக்கப்புறம் ரிவ்யூவ திருத்த முடியாது. அதனால அங்க தனி மெசேஜ்ல பேசி முடிக்கிற வரைக்கும் பொதுப் பதில் பக்கமே போகாதீங்க.

ஒரு மெசேஜ் அனுப்புங்க, மூணு நாலு நாள் பொறுங்க, பதில் வரலன்னா ஒரே ஒரு ஞாபகப்படுத்தல், அதோட நிறுத்திடுங்க. அட்ரஸ் லேபிள்ல இருக்குற நம்பருக்கு போன் அடிக்கிற வேலையே வேண்டாம். டெலிவரிக்காக குடுத்த நம்பர் அது, அதுக்கு போன் போட்டு ரிவ்யூ பத்தி பேசுனா அவங்க பயந்துடுவாங்க, பயப்படுறதும் நியாயம்.

பொதுப் பதில்

இப்போ, எல்லாம் பண்ணியாச்சு, ரிவ்யூ அங்கயே நிக்குது, அவரும் பதில் சொல்லல. இப்பதான் எழுதணும். எழுதுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கோங்க, இத யார் படிக்கப் போறாங்க? ஒத்த ஸ்டார் போட்டவர் திரும்பி வந்து படிக்கிறது சந்தேகம்தான். நாளைக்கோ அடுத்த மாசமோ உங்க பொருள வாங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு, நல்ல ரிவ்யூவயெல்லாம் தள்ளிவிட்டு நேரா கெட்ட ரிவ்யூக்கு போய் படிக்கிறாங்க பாருங்க, அவங்கதான் உங்க வாசகர். (நாமளும் வாங்குறப்போ அப்படித்தான படிக்கிறோம்.) அவங்களுக்கு அந்த சண்டைல யார் பக்கம் நியாயம்னு அக்கறையே கிடையாது, நாளைக்கு எனக்கு ஒரு பிரச்சனை வந்தா இந்த ஆள் எப்படி நடந்துக்குவாருன்னு மட்டும்தான் பாக்குறாங்க.

நான் அன்னைக்கு போட்ட பதில்ல இருந்த விஷயம் அத்தனையும் உண்மை, ஆனா மூணாவது மனுஷன் படிச்சா இவர்கிட்ட குறை சொன்னா கத்துவாரு போலன்னுதான் தோணும். அதே விஷயத்த இன்னைக்கு எழுதுனா இப்படி எழுதுவேன்: "இந்த லென்ஸ்ல லேசா தூசி இருக்குறத லிஸ்டிங்ல மூணாவது வரிலயும் ஏழாவது படத்துலயும் காட்டிருக்கோம். இருந்தாலும் எதிர்பாத்த மாதிரி இல்லன்னா திருப்பி எடுத்துக்கறோம்னு அன்னைக்கே மெசேஜ் அனுப்பிருக்கோம், இப்பவும் தயாராதான் இருக்கோம்." ரெண்டே வாக்கியம். ஒண்ணு, படிக்கிறவங்க தானே போய் பாத்துக்கக்கூடிய ஒரு ஆதாரம். ரெண்டு, நான் என்ன செஞ்சேன்ங்கிறது. "நீங்க படிக்கல"ன்னு குத்தம் சொல்ற வரி எங்கயும் இல்ல, ஆனா படிக்கிறவங்களுக்கு அது தானா புரிஞ்சிடும், நாம சொன்னா கசக்கும், அவங்களா கண்டுபுடிச்சா நம்புவாங்க.

வாங்குனவரோட பேரு, ஊரு, ஆர்டர் நம்பர் எதுவும் பொதுப் பதில்ல வரக்கூடாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்புவேன்னு எழுதக்கூடாது. தப்பு கூரியரோடதா இருந்தா "எங்க தப்பு இல்ல"ன்னு கைய விரிக்காம, "இந்தத் தேதில அனுப்பிட்டோம், வழில தாமதமாச்சு, தெரிஞ்ச உடனே புகார் குடுத்தோம்"னு நடந்தத மட்டும் சொல்லுங்க, வாங்குறவங்களுக்கு நாமளும் கூரியரும் ஒண்ணுதான், பிரிச்சுப் பாக்கச் சொல்றது நியாயமில்ல. எழுதி முடிச்சதும் வேற யார்கிட்டயாவது, இந்த விஷயம் எதுவும் தெரியாத ஒருத்தர்கிட்ட, சத்தமா படிக்கச் சொல்லிக் கேளுங்க. உங்களுக்கு மரியாதையா தோணுன வரி அவங்க வாயில கிண்டலா கேக்கும், அந்த வரிய எடுத்துடுங்க. அமேசான்ல 2020 டிசம்பர்லேர்ந்து ப்ராடக்ட் ரிவ்யூக்குக் கீழ பதில் போடுற வசதியே இல்ல, செல்லர் ஃபீட்பேக்குக்குதான் போடலாம், அதனால அங்க இந்த விளக்கத்த லிஸ்டிங்குள்ளயே ஏத்திடணும்.

வாங்குனவருக்கு பதிலுக்கு பதில் நெகட்டிவ் போட முடியலையேன்னு நெறைய பேருக்கு ஆத்தாமை இருக்கு. ஈபே 1996-ல ஃபீட்பேக்க ஆரம்பிச்சப்போ அது ரெண்டு பக்கமும் இருந்துச்சு, விக்கிறவங்களும் வாங்குறவங்களுக்கு நெகட்டிவ் போடலாம். விளைவு என்னன்னா, திருப்பி அடிப்பாங்களோன்னு பயந்து வாங்குனவங்க உண்மையச் சொல்றதையே நிறுத்திட்டாங்க, அதனால 2008-ல விக்கிறவங்ககிட்டேர்ந்து அந்த வசதிய எடுத்துட்டாங்க. எனக்கு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா அது சரியான முடிவுன்னுதான் நான் நெனைக்கிறேன், எல்லாரும் பயந்து அஞ்சு ஸ்டார் போட்டா என்னோட அஞ்சு ஸ்டாருக்கும் மதிப்பு இருக்காதே.

ஒத்த ஸ்டார் நிஜமா எவ்வளவு அடிக்கும்

மனசுக்கு விழுற அடி வேற, வியாபாரத்துக்கு விழுற அடி வேற. ரெண்டையும் பிரிச்சுப் பாக்க கொஞ்சம் கணக்கு வேணும்.

கப்ரால், ஹோர்டாச்சுன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஈபே விற்பனையாளர்கள வச்சு பண்ண ஆய்வு 2010-ல வெளிவந்துச்சு. வாரத்துக்கு 5 சதவீதம் வளந்துக்கிட்டிருந்த விற்பனை, முதல் நெகட்டிவ் விழுந்ததும் வாரத்துக்கு 8 சதவீதம் இறங்குற நிலைமைக்குப் போச்சுன்னு கண்டுபுடிச்சாங்க. அதுக்கப்புறம் வர்ற நெகட்டிவ்கள் அந்த அளவுக்கு அடிக்கல. ஆனா எனக்கு மனசுல நின்னது இன்னொரு விஷயம், அடுத்தடுத்த நெகட்டிவ்கள் முதல் நெகட்டிவ் வர எடுத்த நேரத்தவிட 25 சதவீதம் வேகமா வருதாம். ஏன்னு நான் என் அனுபவத்துலேர்ந்து சொல்றேன், முதல் அடி விழுந்ததும் மனசு விட்டுப்போகுது, பேக்கிங்ல கவனம் குறையுது, மெசேஜுக்கு வெடுக்குனு பதில் போடுறோம். அநியாயமா விழுந்த ஒண்ணு, நியாயமான ரெண்ட கூட்டிட்டு வந்துடுது. அதனால ஒத்த ஸ்டார் விழுந்த அந்த வாரம்தான் ஒவ்வொரு பார்சலையும் ரெண்டு தடவ பாத்து அனுப்ப வேண்டிய வாரம்.

ஆறுதலான பக்கமும் இருக்கு. ரெஸ்னிக்கும் கூட இருந்தவங்களும் 2006-ல வெளியிட்ட சோதனைல, பழைய போஸ்ட்கார்டுகள ஒரே மாதிரி ஜோடி ஜோடியா பிரிச்சு, நல்ல பேரு வாங்குன அக்கவுண்ட்லயும் புது அக்கவுண்ட்லயும் ஈபேல வித்துப் பாத்தாங்க, பேரு வாங்குன கடைக்கு 8.1 சதவீதம் கூடுதல் விலை கெடச்சுச்சு. ஆனா அதே புது அக்கவுண்ட்டுகள்ல ஒண்ணு ரெண்டு நெகட்டிவ் இருந்தது விலைய அசைக்கல. அமெரிக்காவுல நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோட ஸ்பீகல் ஆய்வு மையம் 2017-ல சொன்னது, வாங்குற வாய்ப்பு உச்சத்துல இருக்குறது சராசரி 4.0லேர்ந்து 4.7 வரைக்கும் இருக்குறப்போதான், 5.0க்கு போனா கொறையுது. குறையே இல்லாத கடைய ஆளுங்க நம்புறதில்ல.

நெஜமா கவனிக்க வேண்டிய ஆபத்து வேற எடத்துல இருக்கு, அக்கவுண்ட்டோட அளவீடு. அமேசான்ல ஆர்டர் டிஃபெக்ட் ரேட்னு ஒண்ணு, அதாவது மொத்த ஆர்டர்ல பிரச்சனை ஆனது எத்தன சதவீதம்னு, 60 நாள் கணக்கு, 1 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். ஒண்ணு ரெண்டு ஸ்டார் செல்லர் ஃபீட்பேக், வாங்குனவங்க பணத்த திருப்பிக் கேட்டு அமேசான்கிட்ட போடுற ஏ டூ இசட் க்ளெய்ம், கார்டு கம்பெனி வழியா பணத்த திருப்பி இழுக்குற சார்ஜ்பேக், மூணும் இதுல சேரும். 60 நாள்ல உங்களுக்கு மொத்தமே 40 ஆர்டர்தான்னா ஒரே ஒரு நெகட்டிவ் 2.5 சதவீதம் ஆயிடும். சின்ன கடைங்களுக்கு இது நிஜமாவே வலிக்கும், அதனால சின்ன அளவுல விக்கிறவங்க ரிப்போர்ட் பண்ற வேலைய சோம்பேறித்தனம் பாக்காம முதல் நாளே ஆரம்பிச்சிடணும்.

இந்த கணக்க சரிக்கட்ட ஒரு நேர்மையான வழி நல்ல ரிவ்யூ அதிகமா வர்றது. அதுக்காக சொந்தக்காரங்கள விட்டு அஞ்சு ஸ்டார் போடச் சொல்றது, காசுக்கு ரிவ்யூ வாங்குறது, ரெண்டும் வேண்டாம். தளம் புடிச்சா அக்கவுண்ட் போகும், அதத் தாண்டி இப்போ சட்டமும் வந்துடுச்சு, அமெரிக்காவுல போலி ரிவ்யூவ தடை பண்ற விதி 2024 அக்டோபர்ல அமலுக்கு வந்துச்சு, பிரிட்டன்ல 2025 ஏப்ரல்ல. நமக்கு அநியாயம் நடந்துச்சுன்னு நாம அடுத்த கடைக்காரனுக்கு அநியாயம் பண்ணக்கூடாது. வாங்குன எல்லாருக்கும், சந்தோஷமா இருக்காங்கன்னு தெரிஞ்சவங்களுக்கு மட்டும் இல்லாம எல்லாருக்கும், ரிவ்யூ போடச் சொல்லி தளத்தோட பட்டன் வழியா கேளுங்க. அமேசான்ல டெலிவரி ஆகி 5 நாள்லேர்ந்து 30 நாளுக்குள்ள அந்த பட்டன் வேலை செய்யும். திருப்தியா வாங்கிட்டு அமைதியா போறவங்கதான் நம்ம கஸ்டமர்ல பெரும்பாலானவங்க, யாரும் கேக்காததாலதான் அவங்க எழுதாம இருக்காங்க.

கடைசியா லிஸ்டிங். அந்த ஒத்த ஸ்டார் அநியாயம்தான், இன்னைக்கும் அப்படித்தான் சொல்வேன், ஆனா ஏழாவது போட்டோ வரைக்கும் யார் தள்ளிப் பாக்குறாங்கன்னு அது என்ன யோசிக்க வச்சுச்சு. போன்ல பாக்குறவங்களுக்கு முதல் ரெண்டு மூணு படமும் முதல் வரியும்தான் கண்ல படுது. இப்போ டார்ச் போட்டோதான் ரெண்டாவது படம், அதுலயே தூசி இருக்குற எடத்துல சிவப்பு வட்டம் போட்டு "உள்ள இருக்குற தூசி இவ்வளவு"ன்னு எழுதிருக்கேன், அதுக்கடுத்த படம் அதே லென்ஸ்ல எடுத்த ஒரு போட்டோ, தூசி படத்துல வரலங்கிறதுக்கு. லிஸ்டிங்கோட முதல் வரியே குறை என்னங்கிறதுதான், நல்லதெல்லாம் அதுக்கப்புறம். ஆர்டர் வந்ததும் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ்: "இந்த லென்ஸ்ல தூசி இருக்கு, ரெண்டாவது படத்த ஒரு தடவ பாத்துடுங்க, வேண்டாம்னா இன்னைக்கே சொல்லுங்க, கேன்சல் பண்ணிடலாம்." மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பேர் கேன்சல் பண்றாங்க, பண்ணட்டும். இருந்த லிஸ்டிங் எல்லாத்துலயும் படத்தோட வரிசைய மாத்த ஒரு ஞாயித்துக்கிழமை பூரா ஆச்சு, அதுக்கப்புறம் தூசியப் பத்தின கேள்வி எல்லாம் வாங்குறதுக்கு முன்னாடியே வந்துடுது.